எஸ்டேட் இங்கிலீஷ்

போன வாரம் அண்ணன் மகள் சிரம்பானில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கோலாலம்பூரில் வேலை பார்ப்பவள். முகம் வாடிக் கிடந்தது. லண்டன் கிளைக்கு அனுப்பிய மின்னஞ்சலில், "வெள்ளிக்கிழமைக்குள் ரிவர்ட் பண்ணுங்கள்" என்று எழுதியிருக்கிறாள். "எந்தப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்?" என்று அங்கிருந்து கேள்வி வந்ததாம். இங்கே அலுவலகத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"என்னோடது எஸ்டேட் இங்கிலீஷ்தானே அத்தை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். பள்ளிக்கூடமே போகாத என் பாட்டியின் வாயில் எத்தனை ஆங்கிலச் சொற்கள்! குடியிருந்தது லயன். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பரேட்', அவருக்குப் பெரட்டு. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர் டிரசர். பிரிட்டனில் டிரசர் என்றால் பாத்திரம் அடுக்கும் அலமாரி! பாட்டி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று வேற்றுமை உருபும் சேர்த்துத் தமிழாக்கிக்கொண்டார்.

துரைமார்களும் தமிழ் பேசினார்கள். அவர்களுக்காகவே 1915இல் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்று ஒரு கையேடு எழுதினார். தேயிலை, ரப்பர் தோட்டங்களில் ஆட்களிடம் வேலை வாங்கப் போதுமான தமிழ். துரை தப்புத் தப்பாகப் பேசினாலும் "தமிழ் தெரிந்த துரை" என்று பெயர். நம் ஆங்கிலம் கொஞ்சம் பிசகினால் மட்டும் அறிவு குறைவு என்று பெயர். இது மொழிக் கணக்கு இல்லை. யார் கையில் அதிகாரம் என்ற கணக்கு.

பிரஜ் கச்ரு என்ற காஷ்மீர் அறிஞர் 1985இல் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். உள்வட்டத்தில் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகள். வெளிவட்டத்தில் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், நைஜீரியா. மூன்றாவதில் அதை அயல்மொழியாகக் கற்கும் சீனா, ஜப்பான். வெளிவட்டத்து ஆங்கிலம் பிழையான ஆங்கிலம் அல்ல, அதற்கென்று வழக்கு உண்டு என்பது அவர் வாதம். 'ரிவர்ட்' என்றால் பதில் அனுப்பு என்பது இந்தியாவிலும் இங்கேயும் அலுவலக வழக்கு. உள்வட்டத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 'பேண்ட்ஸ்' அமெரிக்காவில் கால்சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. அதற்காக யாரும் யாரையும் எஸ்டேட்காரன் என்பதில்லை. நம் 'லா' கூட ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது.

அதற்காக எல்லா இடத்திலும் 'கேன் லா' போதும் என்று சொல்ல மாட்டேன். நேர்முகத் தேர்விலும் ஒப்பந்தத்திலும் எதிராளிக்குப் புரிகிற பொது ஆங்கிலம் வேண்டும். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. பட்டணத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் மிஞ்சியது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பாட வேளை மட்டுமே. குறைந்தது வாய்ப்பு, மூளை இல்லை. வாய்ப்பை இனியும் தேடிக்கொள்ளலாம். வாசிப்பும் பேச்சுப் பழக்கமும் போதும். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால்தான் வராது.

அன்றிரவே என் எதிரில் உட்கார்ந்து லண்டனுக்குப் பதில் எழுதினாள். "எங்கள் ஊர் ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் பதில் அனுப்புவது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்புங்கள்." மன்னிப்பு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே பதில் வந்துவிட்டது.