திறப்பதற்கென்றே ஒரு பூட்டு

நாலு அங்குலத் தேக்குக் கட்டையில் குடைந்த ஒரு பெட்டி. கீல் கிடையாது, சாவித் துவாரம் கிடையாது. மூடியை இழுத்தால் வராது. குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம். “உள்ளே நூறு ரூபாய் இருக்கிறது. திறப்பவருக்குச் சொந்தம்” என்று சொல்லி, மும்பையில் நான் குடியிருக்கும் கட்டடத்து விழாக்களில் இதைக் கூட்டத்திடம் கொடுத்துவிடுவேன். கால் மணி நேரம் ஆளாளுக்கு மல்லுக்கட்டுவார்கள். பிறகு நான் வாங்கி, ஏதோ பேசிக்கொண்டே மேஜைமேல் வைத்து, பம்பரம்போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூடியைத் தூக்குவேன். கைதட்டல்.

ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் இரண்டு பித்தளை ஆணிகள்தான். மூடியின் அடியில் பெட்டிக்குள் இறங்கும் ஒரு கட்டை இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் படுக்கைவாக்கில் ஒவ்வொரு துளை. அதே நேர்கோட்டில் மூடிக்கட்டையிலும் துளைகள். ஒவ்வொன்றிலும் 18 மி.மீ. ஆணி ஒன்று தடையின்றி ஓடுகிறது. சுவர்த் துளையின் ஆழம் 20 மி.மீ. என்பதால் ஆணி முழுசாக அதற்குள் போய்விடும். மூடியின் துளையோ 8 மி.மீ. தான். ஆணி அங்கே நகர்ந்தால், மூடியில் கொஞ்சமும் சுவரில் மீதியுமாக நின்று பூட்டிக்கொள்ளும். இடப்பக்கம் சாய்த்தால் இடது ஆணி விலகும். அதே நேரம் வலது ஆணி உள்ளே சரிந்து மூடியைப் பிடிக்கும். சுற்றினால் மட்டும் இரண்டும் ஒன்றாக வெளிப்பக்கம் ஓடும். பள்ளியில் படித்த மையவிலக்கு விசை.

செய்வதும் கடினமில்லை. 25 மி.மீ. சுவர் வேண்டும். மூடியை மூடிவைத்தே வெளியிலிருந்து துளை போட்டால் இரண்டு துளைகளும் தானாக நேராக அமையும். வெளிவாயை 5 மி.மீ. மரமுளையால் அடைத்துத் தேய்த்துவிடலாம். மற்ற இரண்டு பக்கங்களிலும் பொய்முளைகள் வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

முதல் தடவை நான் போட்டது இரும்பு ஆணி. கணபதி விழா வந்தது ஆகஸ்ட் மாத மழையில். நான் சுற்றினேன், இழுத்தேன், மறுபடி சுற்றினேன். ஆணி துருப்பிடித்திருந்தது, ஈரத்தில் மரமும் உப்பியிருந்தது. குழந்தைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பித்தளைக்கு மாறியதும், மூடியைச் சுற்றிலும் ஒரு நூலளவு இழைத்துவிட்டதும் அதற்குப் பிறகுதான்.

அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பெட்டியை ஓரமாக எடுத்துப் போனாள். இழுக்கவில்லை. காதில் வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். “அங்கிள், சாய்ச்சா ரெண்டு சத்தம் வருது. அப்போ உள்ளே ரெண்டு இருக்கு. ராட்டினத்துல உக்காந்தா வெளிப்பக்கம் தள்ளுமே, அது மாதிரி பண்ணிப் பார்க்கவா?” நான் பதில் சொல்வதற்குள் சுற்றிவிட்டாள்.

நூறு ரூபாயைச் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் எனக்கு எதற்குப் போட்டி? அன்று அப்படித் தோன்றவில்லை. அந்த வாரமே மூன்றாவதாக ஸ்பிரிங் வைத்த இரும்பு ஆணி ஒன்றைச் சேர்த்தேன். வெளியிலிருந்து சரியான இடத்தில் காந்தம் வைத்தால்தான் அது விலகும். காந்தம் என் சட்டைப்பையில்.

அதன்பிறகு யாராலும் திறக்க முடியவில்லை. யாரும் இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை. அந்தச் சிறுமியும் நாலைந்து முறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பெட்டி அலமாரியில் தூசி படிந்து கிடந்தது.

ஜப்பானில் ஹக்கோனே மலைப்பகுதியின் ரகசியப் பெட்டிகள் பேர்போனவை. சிலவற்றைத் திறக்க 4 அசைவு போதும், சிலவற்றுக்கு 72. ஆனால் ஒரு பலகை சில மி.மீ. நகர்ந்தால்தான் அடுத்தது நகரும். சரியான வழியில் போகிறோம் என்று பெட்டியே விரலுக்குச் சொல்லிக்கொண்டு வரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு அந்தக் கடமை இல்லை. அதன் வேலை திருடனைத் தடுப்பது. என் பெட்டியைத் திறக்க வந்தவர்கள் திருடர்கள் அல்லவே. சாவியை என் பையில் ஒளித்துக்கொண்டு அவர்களை யோசிக்கச் சொன்னது நியாயமில்லை.

மூன்றாவது ஆணியைப் பிடுங்கிவிட்டேன். இந்த வருட விழாவில் அந்தச் சிறுமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி கைக்குக் கை மாறியது. பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தலைகீழாக உதறிக்கொண்டிருந்தான். “உனக்குத் தெரியுமா?” என்று அவளைக் கேட்டான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சாய்ச்சுக் கேளு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.