நான்கு பக்கங்கள் போதா

பலகோணங்களைப் பற்றிப் பள்ளிகளில் முதன்மையாகக் கற்பிக்கப்படுவது கோணங்களின் கூட்டுத்தொகையே. முக்கோணத்திற்கு 180 பாகை, நாற்கோணத்திற்கு 360, ஐங்கோணத்திற்கு 540 என மாணவர் ஒப்பிக்கின்றனர். ஆனால், சங்கிலியுடன் வயலில் இறங்கும் பணியாளருக்கு இதனினும் இன்றியமையாத பண்பு ஒன்றுண்டு. அது பாடத்தில் ஓரமாகவே நின்றுவிடுகிறது.

மூன்று கம்புகளை முனைக்கு ஓர் ஆணி அடித்து இணைத்தால் அவ்வுருவம் அசைந்து கொடாது. நான்கு கம்புகளாலான சட்டமோ கைபட்டதும் சாயும். ஐந்தாலானது இன்னும் எளிதில் நெளியும். பக்க நீளங்கள் மட்டுமே ஒரு வடிவையும் அதன் பரப்பையும் தீர்மானிப்பது முக்கோணத்தில்தான். ஏனைய பலகோணங்களில் அன்று.

இதன் விளைவு சிறிதன்று. ஒவ்வொரு பக்கமும் 50 மீட்டர் உள்ள வயல் சதுரமாயின் பரப்பு 2,500 சதுர மீட்டர். அதே பக்கங்கள் 60 பாகையில் சாய்ந்திருப்பின் ஏறத்தாழ 2,165. எட்டு சென்டுக்கு மேல் குறைவு. 30 பாகையில் சரிபாதியே எஞ்சும். எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிப் பரப்புக் காணும் பழைய முறை, செவ்வகம் தவிர்ந்த நாற்கோணங்களுக்கெல்லாம் மிகையான விடையே தரும். அதனை நம்பி வாங்குபவர் இல்லாத நிலத்திற்கு விலை கொடுக்கிறார். உழவர் இல்லாத நிலத்திற்கு உரம் வாங்குகிறார்.

628-இல் பிரமகுப்தர் நாற்பக்கங்களைக் கொண்டு அளித்த நுட்பமான வாய்பாடு, நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும் நாற்கோணங்களுக்கே முற்றும் பொருந்துவது. 1150-இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர், செங்குத்தையோ மூலைவிட்டத்தையோ குறிப்பிடாமல் நாற்கோணத்தின் பரப்பை வினவுவோரையும், அதற்கு விடை கூறுவோரையும் ஒருங்கே கடிந்தார். கடுமைதான், ஆயினும் அநீதியன்று.

பரிகாரமும் அரிதன்று. வயலுக்குள்ளேயே செல்லும் மூலைவிட்டங்களை, ஒன்றையொன்று வெட்டாதவாறு, நாற்கோணத்தில் ஒன்று, ஐங்கோணத்தில் இரண்டு, அறுகோணத்தில் மூன்று என அளந்தால் வயல் முழுதும் முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். நாற்கோணத்தின் மற்றொரு மூலைவிட்டத்தையும் அளந்தால் பிழை உடனே வெளிப்படும். செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கைப்பேசி இருக்க இத்தொல்லை ஏன் என்பாரும் உளர். அது சில மீட்டர் பிழைபடக் கூடியது. சிறு வயலில் அப்பிழை பெரிது.

ஆசிரியர் செய்ய வேண்டுவது, பள்ளித் திடலில் ஐந்து முளைகளை ஒழுங்கின்றி அடித்து, ஐந்து பக்கங்களை மட்டும் அளந்து தாளில் வரையச் சொல்லுவதே. பத்து மாணவர் பத்து வடிவங்கள் வரைவர். பின்னர் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் செய்தால் பத்தும் ஒன்றாகிவிடும்.