மின்சாரம் போனால் கடையைச் சாத்துவதா?

போர் என்றால் துப்பாக்கியும் குண்டும்தான் என்று நினைக்கிறோம். இப்போதைய போர்களில் மின்சாரமும் ஒரு குறி. உக்ரைன் நாட்டில் 2022 அக்டோபர் 10 முதல் ரஷ்யா மின் நிலையங்களைப் பார்த்து ஏவுகணை வீசத் தொடங்கியது. உறைபனிக் காலத்தில் விளக்கும் இல்லை, வீட்டைச் சூடாக்க வழியும் இல்லை. நவம்பரில் அந்நாட்டு அரசு ஊர் ஊராக மையங்களைத் திறந்தது. அங்கே போய் யாரும் காசில்லாமல் குளிர் காயலாம், போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். நம்மைக் கவர்ந்தது இன்னொரு காட்சி. சிறு கடைக்காரர்கள் வாசலில் ஜெனரேட்டரைப் போட்டுக் கடையை நடத்தினார்கள். காலி டப்பாவில் அட்டையைச் சுருட்டி வைத்து மெழுகு ஊற்றி, தண்ணீர் கொதிக்க வைக்கும் அளவுக்கு எரியும் விளக்கைப் பொதுமக்கள் கூடிச் செய்தார்கள்.

"எங்கோ குளிர் நாட்டுச் சங்கதி, தென்னேரி மளிகைக் கடைக்கு அது எதற்கு?" என்று கேட்கும் அன்பர்களுக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டுகிறோம். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அங்கே மின்சாரம் நின்றது. அடுத்து வந்த ஆண்டுகளை மக்கள் இருட்டிலேயே கழித்தார்கள். பொருளாதாரத் தடையால் பெட்ரோல், பேட்டரி போன்றவை உள்ளே வரவில்லை. மண்ணெண்ணெய் கொஞ்சமாக வந்தது, கொழும்பு விலையைப் போல் பல மடங்குக்கு விற்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சீக்கிரமே இருட்டிவிடும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவு மட்டும் எண்ணெய் விட்டு, சிறு திரி போட்டுக் கொளுத்தினார்கள். கண்ணாடிக்குள் இருப்பதால் காற்றுக்கு அணையாது. பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள்.

அந்த நாட்களில் குடும்ப அட்டைக்குப் பங்கீடு கொடுத்த கூட்டுறவுக் கடையும், தெருமுனைக் கடையும்தான் மக்களுக்குத் துணை. பதுக்கியவர்கள் எந்த ஊரிலும் உண்டு, யாழ்ப்பாணம் மட்டும் விலக்கல்ல. நம் பக்கம் மட்டும் என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பால் பாக்கெட் கூடுதல் விலைக்கு விற்பதாக எழுந்த புகார் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. விற்றவர் சிலர், கெட்ட பெயர் நம் அனைவருக்கும். ஒரு மெழுகுவத்திக்கு இரண்டு ரூபாய் அதிகம் வாங்கியவரை வாடிக்கையாளர் பத்து வருஷம் மறக்கமாட்டார். அந்த இரண்டு ரூபாயை நாம் லாபக் கணக்கில் எழுதக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

நமக்குப் போர் வேண்டாம், வரவும் வேண்டாம். புயலே போதும். 2016 டிசம்பர் 12இல் வர்தா வந்துபோன பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனை ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன! தறிக்குழியில் விளக்கு இல்லையென்றால் நெசவாளிக்கு அன்று கூலி இல்லை. அவர் வீட்டு அரிசி நம் பற்று நோட்டில்தான் ஏறும். இப்போதோ நிலைமை இன்னும் சிக்கல். எலக்ட்ரானிக் தராசின் பேட்டரி சில மணி நேரம்தான். பில் மெஷின் நின்றுவிடும். செல்போன் டவர் படுத்தால் க்யூஆர் அட்டை வெறும் அட்டை. ரேஷனில் மண்ணெண்ணெயும் முன்போல் கிடைப்பதில்லை.

ஆகவே பழைய தட்டுத் தராசைப் பரணில் போட்டுவிட்டவர்கள் இறக்கித் துடைத்து, எடைக்கற்களுக்கு முத்திரை வாங்கி வையுங்கள். சில்லறை நோட்டும் பற்று நோட்டும் கையில் இருக்கட்டும். மெழுகுவத்தி, தீப்பெட்டி, விளக்குத் திரி, எண்ணெய் ஆகியவற்றை மழைக்கு முன்பே ஒரு மாதத்துக்கு வாங்கிப் போடலாம், கெட்டுப்போகிற சரக்கல்ல. மொத்த வியாபாரிகள் அந்த ஒரு மாதத்துக்குச் சிறு கடைகளிடம் உடனே பணம் கேட்காமல் இருந்தால் பெரிய உபகாரம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கடைக்குள்ளோ, ஷட்டரை இறக்கிவிட்டோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் வாசனை தெரியாத விஷவாயு உண்டு, தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார்.

தெருவுக்கு ஒரு கடையாவது இன்வெர்ட்டரில் நாலு பிளக் வைத்து, அக்கம்பக்கத்தார் போனுக்கு இலவசமாகச் சார்ஜ் கொடுக்க முன்வர வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்தக் கடை என்பதை ஐப்பசி பிறக்கும் முன் சங்கக் கூட்டத்தில் பேசி முடித்து, அந்தப் பட்டியலைக் கோயில் வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டிவிடலாம்.