இலவந்திகையும் சீகிரியும்

அண்மையிற் சிலாவத்துறையிலிருந்து மாணாக்கர் சிலரோடு சீகிரிக்குச் சென்று ஒரே நாளில் மீண்டேன். புறப்படுமுன் ஆசிரிய நண்பர் ஒருவர், "சிங்கள அரசன் அமைத்த கோட்டையைத் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டி ஆவதென்ன?" என வினவினார். அவர்க்கு விடையாகவே இதனை எழுதுகின்றேன்.

சீகிரிக்குச் செல்வோர் குன்றேறுவதையே பயன் எனக் கொள்கின்றனர். மேற்கு வாயிலினின்று குன்றின் அடிவரை பரந்து கிடக்கும் நீர்ப்பூங்காவோ அவர்க்கு வெறும் நடைவழி. காசியப்பன் (கி.பி. 477–495) காலத்து அப்பூங்கா நேர்க்கோடொன்றன் இருமருங்கும் ஒத்த வடிவில் அமைந்தது. நடுவே ஒரு திட்டு; அதனைச் சூழ நான்கு குளங்கள். அப்பால் ஆழமற்ற ஓடைகளும், துளையிட்ட கற்பலகை மூடிய ஊற்றுகளும் உள. மழைக்காலத்தில் அவ்வூற்றுகள் இன்றும் பாய்கின்றன. பொறி ஏதும் இல்லை; நிலத்தின் சரிவும் நீரின் அழுத்தமுமே அவற்றை இயக்குகின்றன.

பிரான்சு நாட்டு வெர்சாய்ப் பூங்காவை உலகம் வியக்கின்றது. வியக்கத்தக்கதே. ஆயின், பதினான்காம் லூயி மன்னன் அங்குள்ள ஊற்றுகளுக்குச் சேன் ஆற்று நீரை ஏற்ற, 1684-இல் 14 பெருஞ்சக்கரங்கள் கொண்ட பொறியை மார்லியில் நிறுவினான். அதன் பின்னும் நீர் போதவில்லை. மன்னன் உலாவரும் பக்கத்து ஊற்றை மட்டும் திறந்து, அவன் கடந்தபின் அடைத்தனராம்! கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் பாயும் வயலில் வளர்ந்த நம் மாணாக்கர், சீகிரியின் நீர்நுட்பத்தை என்னினும் விரைவாக உணர்ந்தனர். "மேட்டு மடையைத் திறந்தாற் போலத்தான், ஐயா" என்றான் ஒருவன். அதனினும் நல்ல உரை யான் கேட்டதில்லை.

இனி நண்பர் வினாவுக்கு வருவேன். 'இலவந்திகை' என்னுஞ் சொல்லுக்கு, நீர்நிலை சூழ்ந்த எந்திர வாவியையுடைய அரசர் சோலை எனப் பொருளுரைப்பர். பாண்டியன் நன்மாறன் இலவந்திகைப் பள்ளியிலே துஞ்சியமையால் அப்பெயரோடு வழங்கப்பெறுகின்றான். முப்பது ஆண்டுகளாக வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் எழுதுவித்தேன். எழுதினார், மனனஞ் செய்தார், மறந்தார். மதுரையிலோ புகாரிலோ அத்தகைய சோலை கண்காண எஞ்சியிலது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிற் படிக்கும் உவவனமும் ஏட்டளவினதே. அக்காலத்து அரசர் நீரையும் மரத்தையும் கல்லையும் எவ்வாறு இயைத்தனர் என்று காண விரும்பும் தமிழ் மாணாக்கனுக்கு, ஒரு பகற்பொழுதிற் சென்று மீளும் தொலைவில் உள்ளது சீகிரியே.

அது தமிழர் அமைத்தது என வாதிட யான் வரவில்லை. அத்தகைய வாதம் எனக்கு உவப்புமன்று. அண்டை வீட்டு முற்றத்தில் நின்று நம் நூலின் சொல்லொன்று விளங்குமாயின், அங்கே செல்ல நாணுவதேன்?

ஆசிரியர்க்கு ஒன்று கூறுவேன். காலைப்பொழுதைப் பூங்காவுக்கு ஒதுக்குக. மாணாக்கர் குளங்களைச் சுற்றி நடந்து, நீர்வழியைத் தம் கையால் வரையட்டும். குன்று பின்னர் ஆகட்டும். மார்கழி மழையிற் செல்வது மேலும் நன்று. குடை மட்டும் மறவற்க.