நந்தினிக்கு ஆதாரம் வேண்டாமாம், பொன்னாவுக்கு வேண்டுமாம்!

நமது போத்தனூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வாசகசாலைக்கு வரும் தோழர்களும், சினிமா பார்த்துவிட்டு டீக்கடையில் கூடும் தோழர்களும் சரித்திரக் கதைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதை நாம் கொஞ்ச காலமாய்க் கவனித்து வருகின்றோம். கதை படிப்பது குற்றமென்றோ சினிமா பார்ப்பது பாபமென்றோ சொல்ல நாம் வரவில்லை. திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்துக் கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சினிமா இயந்திரத்தை வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரமடித்துப் படம் காட்டி, பிறகு 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அன்று முதல் இது சினிமா ஜில்லாதான். நமது ஆட்சேபணை வேறு.

கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை தொடர்கதையாய் வந்தது. 2022-லும் 2023-லும் மணிரத்னம் அதை இரண்டு பாகப் படமாக எடுத்தார். கதை விறுவிறுப்பானது, அதை மறுப்பானேன்? ஆனால் பேசுகிறவர்கள் ஏதோ நந்தினியை நேற்றுத்தான் போத்தனூர் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தவர்கள் போலல்லவா பேசுகின்றார்கள்! நந்தினி கதாசிரியர் உண்டாக்கிய பாத்திரம். அவளுக்கு எந்தக் கல்லிலும் சாட்சியில்லை. சாட்சியுள்ள சங்கதி வேறொன்று உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ஆரம்பத்தில் வெட்டப்பட்டது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானவர்களை அது பேர் சொல்லிக் குறிக்கின்றது. அவர்கள் நிலமும் அவர்கள் உறவினர் நிலமும் பறிக்கப்பட்டதைச் சொல்கின்றது. கல்லில் ரவிதாசன் "பஞ்சவன் பிரமாதிராசன்" என்ற பட்டம் பெற்ற பெரிய அதிகாரி. கதையிலோ அவன் காட்டில் திரிகிற மந்திரவாதி! அப்படி மாற்றிக் கொள்ளக் கதாசிரியருக்கு உரிமையுண்டு. மாற்றியதையே சரித்திரம் என்று சாதிக்க வாசகருக்கு என்ன உரிமை?

இவ்வளவுக்கும் நமக்குக் கூப்பிடு தூரத்திலேயே சரித்திரம் இருக்கின்றது. கம்மாளர்களுக்கு ஓர் அரசன் கொடுத்த உத்தரவு கரூர்க் கோயிலிலும் நமது பேரூரிலும் கல்லில் வெட்டியிருக்கின்றது. உத்தரவு என்னவென்றால், கலியாணத்திலும் சாவிலும் அவர்கள் இரட்டைச் சங்கு ஊதிக் கொள்ளலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகையில் காலில் செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பதாகும். தோழர்களே! "போடலாம்" என்று ராஜா உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் நிலைமை என்ன? கோயிலைக் கட்டிய கையும், நகையைச் செய்த கையும், ஏர்க்கொழுவை அடித்த கையும் தன் வீட்டுச் சுவரைப் பூச முடியாமல் கிடந்தன. இதைப் பற்றி ஐந்து பாகத் தொடர்கதை எழுதினவர் யார்? ராஜராஜனை "எங்கள் ஜாதி" என்று உரிமை கொண்டாட ஊருக்கு ஒரு சங்கம் வருகின்றது. கம்மாளனைச் செருப்புப் போடாதே என்று தடுத்தவன் "எங்கள் ஜாதிதான்" என்று சொல்லிக் கொள்ள மாத்திரம் ஒருவரும் வரக் காணோம்!

நிற்க. கொங்கு நாட்டுக் குடியானவன் கதையை ஒருவர் எழுதினார். பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010-ல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊர்வாயில் பட்ட பாட்டையும், திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவையும் பற்றியது. நான்கு வருஷம் சும்மா இருந்தார்கள். 2014 டிசம்பரில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் என்ற முறையில் தாம் இறந்துவிட்டதாக அவர் அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு புத்தகத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லித்தான் அவர் மறுபடி பேனாவைத் தொட வழி பிறந்தது.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி, "இப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரம் எங்கே?" என்பதாகும். நல்ல கேள்விதான். நந்தினிக்கு ஏன் கேட்கவில்லை? அரண்மனைச் சதியும் கள்ளக் காதலும் ஆதாரமில்லாமலே சரித்திரமாகுமாம். ஒரு தோட்டத்து வீட்டுப் பெண்ணின் மனக்குறை மாத்திரம் ஆதாரமில்லாததால் அவதூறாகிவிடுமாம். இதற்குப் பெயர் சரித்திர அபிமானமா, ஜாதி அபிமானமா?

சினிமாவின் யோக்கியதையும் இதுவே. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். இந்திரா பார்த்தசாரதி அதை வைத்துக் "குருதிப்புனல்" எழுதினார். ஸ்ரீதர் ராஜன் 1983-ல் அதைக் "கண் சிவந்தால் மண் சிவக்கும்" என்று படமெடுத்தார். நாவலில் நமக்குக் குறையுண்டு. கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டதற்கு வந்த கொலையை மிராசுதாரின் ஆண்மைக் குறைவில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது, வயிற்றை விட்டுவிட்டு வைத்தியனைத் தேடுகிற வேலை. ஆனால் இப்படிக் குறை சொல்லவாவது அந்தப் படத்தைப் பார்த்தவர் நம் ஊரில் எத்தனை பேர்? ஜெயகாந்தன் சேரி மக்களைப் பற்றித் தாமே எழுதி 1965-ல் படமாக்கிய "உன்னைப்போல் ஒருவன்" மத்திய சர்க்காரின் பரிசு பெற்றது. கொட்டகைக்காரர்கள் சீந்தவில்லை. ஜனங்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யென்று நாம் ஒருநாளாவது காட்டினோமா?

கரிகாலனைக் கொன்றது யாரென்று இரவு பத்து மணி வரை வாதாடுகிற தோழர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரூருக்குப் போய், கம்மாளர் கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கின்றது என்று ஒரு தடவை விசாரித்து வரட்டும். அதற்குப் பிறகு வாசகசாலையில் நந்தினியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நாமும் கூட உட்கார்ந்து கேட்கத் தயார்.