வடம் பிடித்தவர்களுக்கும் ஒரு மாலை

முதலாண்டில் எங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத் துண்டுகளின் மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினோம். குமிழியிட்டு வந்த வாயுவைக் குழாயில் பிடித்து, எரியும் தீக்குச்சியை அருகே கொண்டு சென்றதும் ‘பொப்’ என்று ஓர் ஓசை. குழாயின் உட்சுவரில் பனித்துளி போல் நீர். சிரித்துவிட்டுப் போனோம். அந்தச் சிறிய ஓசைக்குள் உலகத்தின் எரிபொருட் கவலைக்கு ஒரு விடை ஒளிந்திருக்கக்கூடும் என்று அன்று யார் நினைத்தோம்?

ஹைட்ரஜன் எரிந்தால் கரியமில வாயு இல்லை; நீர் பிறக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் தரும் வெப்பத்தைப் போல் ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தை ஒரு கிலோ ஹைட்ரஜன் தரும். 1766-ல் காவெண்டிஷ் இதனைத் தனி வாயுவாக இனங்கண்டார். 1839-ல் வில்லியம் குரோவ் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் பெறும் வழியைக் காட்டினார். இவர்களை நாம் அறிவோம். ஆனால் தேரைச் செய்த தச்சனை மட்டும் போற்றிவிட்டு, வெயிலில் வடம் பிடித்த ஊராரை மறப்பது நியாயமா? இதுவே என் கேள்வி.

1973-ல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. மறு ஆண்டு மார்ச்சில், துருக்கியில் பிறந்த பேராசிரியர் நெஜாத் வெசிரோக்லு, அமெரிக்காவின் மயாமியில் ஹைட்ரஜனுக்கென்றே ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதன் விளைவாகப் பன்னாட்டு ஹைட்ரஜன் ஆற்றல் சங்கம் பிறந்தது. 1976-ல் அதன் ஆய்விதழும் உலக மாநாடும் தொடங்கின. பனிப்போர் ஓயுமுன்பே, 1988-ல், அம்மாநாடு மாஸ்கோவில் கூடியது. அரசுகள் முறைத்துக்கொண்டிருந்தபோது அறிஞர்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்! அத்தகைய ஆய்விதழுக்கு வரும் கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்பவருக்குப் பொதுவாக ஊதியமில்லை; அவர் பெயரும் வெளியே தெரியாது.

2003 நவம்பரில் பல நாடுகள் வாஷிங்டனில் கூடி ஹைட்ரஜன் பொருளாதாரத்திற்கான கூட்டமைப்பை நிறுவின. இந்தியாவும் அதன் தொடக்க உறுப்பினர். கையெழுத்திட்ட அமைச்சர்களின் படங்கள் பத்திரிகைகளில் வரும். உண்மையான வேலை அதற்குப் பிறகல்லவா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹைட்ரஜன் காரில் உள்ள எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினம் வினையூக்கியாக இருக்கிறது. எரிவாயுவில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்தாலும் அது பிளாட்டினத்தை முடக்கிவிடும். எனவே பத்து லட்சம் பங்கில் 0.2 பங்குக்கு மேல் அது கூடாது என்று பன்னாட்டுத் தரம் வரையறுக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஹைட்ரஜனின் சுடர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். 1937-ல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 உயிர்கள் போனதை உலகம் மறக்கவில்லை. ஆகவே நிரப்பும் குழாயின் முனை முதல் கசிவறியும் கருவி வரை எல்லாவற்றுக்கும் விதி வேண்டும். 1990 முதல் பன்னாட்டுத் தர அமைப்பின் ஒரு குழு இதைச் செய்துவருகிறது. அதில் அமரும் வல்லுநர்களுக்கு அவ்வமைப்பு சம்பளம் தருவதில்லை. தேர்ச் சக்கரத்தின் கீழ்க் கட்டை போட்டு, தேரைத் தெருமுனையில் பத்திரமாகத் திருப்புகிறவர்கள் இவர்கள். கட்டை தவறினால் என்ன ஆகும் என்பது தேரோட்டம் பார்த்த நமக்குத் தெரியாததா?

“அவர்களை அனுப்புவது அவரவர் நிறுவனம், தன் லாபத்துக்காக அனுப்புகிறது. இதற்கெதற்குப் பாராட்டு?” என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் போட்டி நிறுவனத்தாரோடும் அயல்நாட்டாரோடும் வாதாடி, எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வரியை எழுதி முடிப்பது லாபக் கணக்கால் மட்டும் ஆகிற காரியமன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாராட்டு என்பது விளம்பரமாகிவிடக் கூடாது. இன்றைய உலகில் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கப்படுகிறது. அப்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. நீரை மின்சாரத்தால் பிரித்தாலோ, ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 50 யூனிட் செலவு. திரும்பக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 33 யூனிட்டுக்குச் சமம். “இங்கே ஹைட்ரஜன் உதவும், இங்கே உதவாது” என்று துணிந்து சொல்லும் வல்லுநரே முதல் மரியாதைக்கு உரியவர்.

பன்னாட்டுச் சங்கம் தன் விருதுகளில் ஒன்றுக்கு ஜூல்ஸ் வெர்ன் பெயரை வைத்திருக்கிறது. நீரே நாளைய எரிபொருள் என்று 1870-களில் எழுதிய கதாசிரியர் அவர்! இன்னொரு விருதுக்கு, பின்னாளில் நீதிபதியான குரோவின் பெயர். துறைக்கு வெளியே இருந்தவரையும் நினைக்கும் இந்தப் பரந்த மனம் நமக்கும் வேண்டும்.

2023-ல் நம் அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தைத் தொடங்கி, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்தது. இலக்கை எட்ட இயந்திரம் மட்டும் போதாது. கூலி கேட்காத உழைப்பும் வேண்டும். பேராசிரியர்கள் செய்யும் கட்டுரை மதிப்பீட்டையும், தரக் குழுப் பணியையும் பதவி உயர்வில் கணக்கிடட்டும். ஏழை நாட்டு வல்லுநருக்குக் கூட்டத்திற்கு வரப் பயணச் செலவு கொடுக்கட்டும். நம் வேதியியல் மன்றமும் அடுத்த ஆண்டு விழாவிற்குப் பெரிய பதவிக்காரரைத் தேடாமல், இப்படியொரு குழுவில் உழைத்த ஒருவரை அழைக்கட்டும்.

பொன்னாடை போர்த்தினால் போதாது, நண்பர்களே. அவர் இறங்கும்போது அந்த வடத்தைப் பிடிக்க நம்மில் ஒருவராவது எழுந்து நிற்க வேண்டும். அதுவே அவருக்கு நாம் சூட்டும் மாலை.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்