கப்பல் படம் போட்ட பாட்டிலும் 2,800 ரூபாயும்

முன்குறிப்பு: இது வாசனைப் பிரியர்களுக்கு மட்டுமானதல்ல. வீட்டில் அப்பாவோட பழைய சாமான் ஒண்ணாவது வைத்திருக்கும் எல்லோருக்கும்.

எங்க அப்பா பேங்க் உத்தியோகஸ்தர். திருச்சி. தினமும் ஷேவ் செய்வார், படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அலமாரியில் மேல் தட்டில் ஒரு வெள்ளை பாட்டில் இருக்கும். சிவப்பு எழுத்து, பாய்மரக் கப்பல் படம். ஓல்டு ஸ்பைஸ். கல்யாணம், பேங்க் இன்ஸ்பெக்‌ஷன், இந்த இரண்டுக்கும்தான் அது கீழே இறங்கும். அந்த வாசனை வந்தால் இன்றைக்கு ஏதோ முக்கியமான நாள் என்று எங்களுக்குத் தெரியும்.

அப்பா போன பிறகு திருச்சி வீட்டைக் காலி பண்ணினோம். நான் மும்பையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் தம்பி பாதி சாமானைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டான். அந்த பாட்டிலும் போயிற்று. "காலி பாட்டில்டா அது" என்றான். மூணு மாசம் அவனோடு சரியாகப் பேசவில்லை. இப்போது நினைத்தால் சிறுபிள்ளைத்தனம்தான். அப்போது அப்படித் தோணவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் சுற்றும்போது ஒரு கடையில் அதே கப்பல். பெட்டியோடு, மூடி பிரிக்காமல். "எழுபத்தஞ்சு மாடல் சாப், ஏக்தம் ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். பேரம் பேசி 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். தங்கமணியிடம் 800 என்று சொன்னேன் (இதைப் படித்தால் தெரிந்துவிடும், பரவாயில்லை).

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தேன். விலைக்கு முன்னால் ₹ குறி. அந்தக் குறியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்!

பாட்டில் போலி இல்லை மக்களே. சரக்கும் போலி இல்லை. வயசுதான் போலி. இந்த மாதிரி ஏமாற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "ஒரிஜினலா?" என்று கேட்கிறோம், "ஆமா" என்கிறார்கள். அது பொய்யுமில்லை. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: எந்த வருஷத்து ஒரிஜினல்?

பழைய பாட்டிலுக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று கேட்கலாம். நினைவு மட்டும் காரணமில்லை. அந்தக் கால ஆண்கள் சென்ட் பலவற்றில் ஓக் மாஸ் என்று மரத்தில் வளரும் ஒரு பாசியின் சாறு சேர்ப்பார்கள். அதிலிருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் தோலில் ஒவ்வாமை தருகிறது என்று ஐரோப்பிய யூனியன் 2017-ல் தடை போட்டது. 2019 ஆகஸ்ட் முதல் அவை உள்ள புதுச் சரக்கு சந்தைக்கு வரக்கூடாது, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு கடையிலும் இருக்கக்கூடாது. பெயரும் பாட்டிலும் அதேதான், உள்ளே கலவை மாறிவிடுகிறது. அதனால் 1966-ல் வந்த டியோரின் ஓ சவாஜ் மாதிரி சரக்கெல்லாம் பழைய பாட்டிலாகத் தேடுகிறார்கள். தேடுபவர் இருந்தால் வயசைக் கூட்டிச் சொல்பவரும் இருப்பார்.

நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டதை நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்:

1. விலாசத்தைப் படியுங்கள். நம் ஊரில் 6 இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அமெரிக்காவில் ஜிப் கோடு வந்தது 1963. விலாசத்தில் 'மும்பை' என்று இருந்தால் 1995-க்குப் பிறகு, 'சென்னை' என்றால் 1996-க்குப் பிறகு, 'கொல்கத்தா' என்றால் 2001-க்குப் பிறகு.

2. விலையைப் படியுங்கள். முன்பெல்லாம் 'லோக்கல் டாக்ஸ் எக்ஸ்ட்ரா' என்று போட்டிருக்கும், ஞாபகம் இருக்கா? எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி. என்பது 1990-ல் விதியை மாற்றிய பிறகு வந்த வழக்கம். ₹ கதைதான் மேலே சொல்லியாச்சு.

3. ஐரோப்பியச் சரக்கென்றால் பெட்டியின் அடியைப் பாருங்கள். லினலூல், லிமோனீன், கூமரின் என்று ஒவ்வாமைப் பொருட்களின் நீண்ட பட்டியல், மூடி திறந்த டப்பா படம், இரண்டும் 2005-ல் கட்டாயமானவை. இவற்றை வைத்துக்கொண்டு '1980 மாடல்' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

4. பேட்ச் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சில கம்பெனிகள் வருஷத்தின் கடைசி இலக்கத்தை மட்டும்தான் போடும். 4 என்றால் 1984-ஆ, 1994-ஆ, 2004-ஆ? மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் அதைப் படிக்கமுடியும்.

5. இருட்டில் பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைக் கண்ணாடியிலும் உள்ளே அளவு ஓரளவு தெரியும். பல வருஷம் கிடந்த பாட்டிலில் ஆல்கஹால் கொஞ்சம் ஆவியாகி மட்டம் இறங்கியிருப்பது சகஜம். கழுத்துவரை நிறைந்திருந்து, மூடி விளிம்பில் கீறலும் இருந்தால் யாரோ திறந்து நிரப்பியிருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் மூன்றும் 'இதற்கு முந்தையது இல்லை' என்பதைத்தான் காட்டும். பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு என்பது நிச்சயம். இல்லாவிட்டால் முந்தையது என்று அர்த்தமில்லை, அச்சடித்தவர் போடாமல் விட்டிருக்கலாம். பொய்யை இதை வைத்துப் பிடிக்கலாம், உண்மையை நிரூபிக்க முடியாது. அதனால் நிரூபிக்கும் பொறுப்பு வருஷத்தைச் சொல்லி விலையைக் கூட்டுபவருடையது. அவரால் காட்ட முடியவில்லையென்றால் புதுச் சரக்கின் விலைதான் கொடுக்கவேண்டும், கதைக்குத் தனியாகக் காசு கிடையாது.

அமெரிக்கக்காரர்கள் சொல்லும் அடையாளத்தை அப்படியே இங்கே பொருத்துவதும் தப்பு. ஓல்டு ஸ்பைஸ் ஆண்களுக்கு வந்தது 1938-ல், ஷல்டன் கம்பெனி. ஆரம்பத்தில் மண்பாண்டக் குடுவை, அப்புறம் வெள்ளைக் கண்ணாடி. 1990-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது. பிற்பாடு அங்கே கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது. அதனால் கண்ணாடி என்றாலே அவர்களுக்குப் பழசு. இந்தியச் சரக்கோ அதற்கப்புறமும் பல காலம் கண்ணாடியில்தான் வந்தது. நான் கண்ணாடியைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

சரி, மூக்கு சொல்லாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவிடம் பாட்டிலைக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல். மோந்து பார்த்தாள். "அப்பா வாசனைதான்" என்றாள். எனக்கு மனசு லேசாயிற்று, 2,800 போனாலும் போகட்டும் என்று. அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆனா இது அப்பா வெச்சிருந்தது இல்லடா. அது மஸ்கட்லேர்ந்து எங்கண்ணா கொண்டுவந்தது. இதுல மேட் இன் இந்தியான்னு போட்டிருக்கே."

எழுபது தாண்டிய அம்மா 1 நிமிஷத்தில் செய்ததை, நான் பஜாரில் நின்று பேரம் பேசிய அரை மணி நேரத்தில் செய்யவில்லை. கடைக்காரர் சொன்ன வருஷம் நிஜமாகவே இருந்திருந்தாலும் அது எங்கள் பாட்டில் இல்லை. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நாமோ ஊரைவிட்டு வந்து, எல்லாவற்றையும் கடையில் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம்.

அதனால் இரண்டு வேண்டுகோள். ஊரில் அப்பா அம்மா இருக்கும்போதே, இந்த லீவுக்குப் போகையில், பழைய சாமான் ஒவ்வொன்றும் யார் வாங்கியது, எந்த வருஷம், எதற்கு என்று கேட்டு ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். எந்தப் பேட்ச் எண்ணும் அதற்கு ஈடாகாது. வேண்டாத காலி சென்ட் பாட்டிலைப் போடுவதானால் லேபிளைக் கிழித்து, பெட்டியையும் நசுக்கிப் போடுங்கள். முழுசாகப் போகும் பெட்டியும் பாட்டிலும்தான் நிரப்புகிறவர்களுக்கு முதலீடு.

தம்பிக்கு நேற்று போன் செய்தேன். "லேபிளைக் கிழிச்சியா?" என்று கேட்டேன். "பின்னே? இங்க்கால அப்பா பேர் எழுதியிருந்தாரே, அந்தத் துண்டைப் பர்ஸ்ல வெச்சிருக்கேன்" என்றான். மூணு மாசமாக இதை அவனிடம் கேட்கத்தான் எனக்குத் தோணவில்லை.